ரெக்கார்டு நோட்டில் கூடுதலாக ஒரு பக்கம் வேண்டும்

இந்த ஆண்டு சமத்துவப் பொங்கல் அன்று எங்கள் கல்லூரியில் கோலப்போட்டி முடிந்ததும் மூன்று கிண்ணம் கலர்ப்பொடி மிச்சமிருந்தது: சிவப்பு, மஞ்சள், நீலம். அதைக் கொட்டிவிடாமல் இயற்பியல் துறை வராந்தாவுக்கு எடுத்து வரச் சொன்னேன். முதுகலை முதலாண்டு மாணவர்கள் 24 பேர். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் 11-லிருந்து 6 வரை இடுக்குப் புள்ளி வைக்கச் சொன்னேன். நடு வரிசையில் 11 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 6-ல் முடியும். மொத்தம் 91 புள்ளி. கோடு இழுக்கக் கூடாது. கையில் ஒரு லூடோ பகடை. 1, 2 விழுந்தால் அந்தப் புள்ளிக்குச் சிவப்பு. 3, 4 என்றால் மஞ்சள். 5, 6 என்றால் நீலம். பக்கத்துப் புள்ளியில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்க்கவே கூடாது.

இடுக்குப் புள்ளி வைத்தால், அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு சின்ன முக்கோணம் ஆகும். இந்தக் கோலத்தில் அப்படி 150 முக்கோணம். ஒவ்வொன்றையும் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற வரிசையில் வந்தால் அது வலஞ்சுழி. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வந்தால் இடஞ்சுழி. ஒரே நிறம் இரண்டு முறை வந்துவிட்டால் சுழி இல்லை. மூன்று புள்ளியும் வேறு வேறு நிறமாக அமைய 27-ல் 6 வாய்ப்பு. ஆகவே ஒரு கோலத்துக்குச் சுமார் 33 சுழி எதிர்பார்க்கலாம். முதலில் எண்ணி முடித்த ஜோடிக்கு 35 கிடைத்தது. வலஞ்சுழி 18, இடஞ்சுழி 17.

அதன் பிறகு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் 30 புள்ளிகளை மட்டும் அதே கடிகாரப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னேன். சிவப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து நீலம், நீலத்திலிருந்து சிவப்பு என்று போனால் கூட்டல் ஒன்று. எதிர்ப்பக்கம் போனால் கழித்தல் ஒன்று. நிறம் மாறாவிட்டால் பூஜ்யம். கடைசியில் கூட்டுத்தொகையை 3-ஆல் வகுக்க வேண்டும். அந்த ஜோடிக்கு விடை 1 வந்தது. பதினெட்டிலிருந்து பதினேழைக் கழித்தாலும் 1. பன்னிரண்டு கோலத்தில் பதினொன்றுக்குச் சரியாகப் பொருந்தியது. ஒன்றில் மட்டும் பொருந்தவில்லை. அந்த ஜோடி திரும்ப உட்கார்ந்து எண்ணியபோது, ஒரு முக்கோணத்தை இரண்டு முறை எண்ணியிருந்தது தெரிந்தது. ஓரத்தை மட்டும் சுற்றி வந்து, உள்ளே நடந்த பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று அந்த வராந்தாவில் எழுந்த சத்தத்தை நான் 26 ஆண்டு ஆசிரியப் பணியில் எந்தச் செய்முறை வகுப்பிலும் கேட்டதில்லை.

அவர்கள் அங்கே செய்தது விளையாட்டு அல்ல. பேரண்டம் பிறந்து குளிரத் தொடங்கிய முதல் கணத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஆராய்கிறவர்கள் 1984-ல் கணினியில் போட்ட கணக்கின் எளிய வடிவம் அது. அதை வைத்து நம் கல்லூரிச் செய்முறை வகுப்புகளைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா சந்தையில் மாடு வாங்கும்போது முதலில் சுழி பார்ப்பார். சுழியின் ராசி பலனில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் கவனித்த ஒன்று இன்றுவரை மனதில் நிற்கிறது. மாட்டின் மேல் எல்லா இடத்திலும் முடி ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். சுழி இருக்கும் இடத்தில் மட்டும் எந்தப் பக்கம் படிவது என்று முடிக்குத் தெரியாது. எவ்வளவு தேய்த்துவிட்டாலும் அது போகாது. அங்குமிங்கும் கொஞ்சம் நகருமே தவிர மறையாது. ஏனென்றால் பிசகு அந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லை. அதைச் சுற்றியுள்ள முடி முழுதும் படிந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. இப்படி, சுற்றுப்புறத்தின் அமைப்பிலேயே பூட்டிக்கொண்ட பிசகைத்தான் இயற்பியலில் இடத்தியல் குறைபாடு என்கிறோம்.

பேரண்டம் கடுஞ்சூட்டிலிருந்து குளிரும்போது, நீர் உறைந்து பனிக்கட்டி ஆவதைப் போன்ற நிலைமாற்றங்கள் நடந்திருக்க வேண்டும். சூடாக இருந்தவரை எல்லாத் திசையும் சமம். குளிர்ந்ததும் ஒவ்வொரு இடமும் ஏதாவது ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆனால் ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போக முடியாது. தூரத்தில் இருக்கும் இடம் எதைத் தேர்ந்தெடுத்தது என்று இந்த இடத்துக்குத் தெரிய வழியே இல்லை. எங்கள் மாணவர்கள் பக்கத்துப் புள்ளியைப் பார்க்காமல் பகடை உருட்டியது இதற்காகத்தான். அப்படித் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் சில இடங்களில் சுழி விழுந்தே தீரும். முப்பரிமாண வெளியில் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட இழையாக ஓடும். அதற்குத்தான் அண்ட இழை என்று பெயர்.

இதை 1976-ல் தெளிவாக எழுதிக் காட்டியவர் டாம் கிப்பிள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றியவர். துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை 1964-ல் கண்டு சொன்ன ஆறு பேரில் ஒருவர். அவர் 1932-ல் பிறந்தது நம் சென்னையில். அப்பா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர். டவ்டன் காரி பள்ளியில் படித்த அந்தச் சிறுவனின் பெயரை நம் இயற்பியல் மாணவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? என் வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

கிப்பிள் சொன்னது பேனாவும் காகிதமும் சார்ந்த வாதம். இழைகள் எவ்வளவு இருக்கும், எப்படிப் பின்னிக் கிடக்கும் என்பதைப் பேனாவால் சொல்லிவிட முடியாது. 1984-ல் தன்மய் வாசஸ்பதியும் அலெக்சாண்டர் விலென்கினும் கணினியில் ஒரு கனசதுரச் சட்டகம் கட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மதிப்புகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் கொடுத்தார்கள். எங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் அதுதான். பிறகு இழை எங்கெல்லாம் போகிறது என்று தேடிக் கோத்தார்கள். சின்னச் சின்ன வளையங்கள்தான் மிகுதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். கிடைத்தது வேறு. மொத்த இழை நீளத்தில் சுமார் 80 விழுக்காடு, முடிவே இல்லாமல் ஓடும் இழைகள். வளையங்களின் பங்கு சுமார் 20 விழுக்காடுதான். கணினியில் பகடை உருட்டிய அவர்களும் அந்த எண்ணை முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. சிமுலேஷன் என்பதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. நாம் கொடுப்பது எளிய விதி. அது திருப்பித் தருவது நாம் எதிர்பாராத விடை.

அந்த இழைகளுக்கு அன்று பெரிய வேலை காத்திருந்தது. 1980-களில் பேசப்பட்ட இழை ஒரு புரோட்டானைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. ஆனால் அதில் ஐந்து கிலோமீட்டர் துண்டு ஏறக்குறையப் பூமியளவு நிறை கொண்டது. அவ்வளவு கனமான இழை ஓடிய வழியில் பொருள் திரண்டு விண்மீன் மண்டலங்கள் உருவாகியிருக்கலாம் என்று பலர் நம்பினார்கள். அதனால் இழைகள் உருவாவதோடு நிற்காமல், அவை விரியும் வெளியில் எப்படி ஓடும் என்றும் கணினியில் பார்த்தார்கள். 1980-களின் நடுவிலிருந்து சில குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு இதைச் செய்தன. இரண்டு இழை குறுக்கே வெட்டிக்கொண்டால் முனைகளை மாற்றிக்கொள்ளும். ஓர் இழை தன்னையே வெட்டிக்கொண்டால் ஒரு வளையம் கழன்று விழும். இப்படிக் கழன்று கழன்று, ஒளி எட்டும் தூரத்துக்குள் இருக்கும் நீண்ட இழைகளின் எண்ணிக்கை எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது என்று தெரிந்தது. அப்படி நிற்காமல் போயிருந்தால் இழைகளின் கனமே பேரண்டத்தை ஆக்கிரமித்திருக்கும்.

பிறகு வானம் தன் தீர்ப்பைச் சொன்னது. பேரண்டத்தின் ஆதி ஒளியில் இருக்கும் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களை 2000-க்குப் பிறகு துல்லியமாக அளந்தார்கள். இழைகள்தான் விண்மீன் மண்டலங்களுக்கு வித்து என்றால் அந்த ஏற்ற இறக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சிமுலேஷன் சொல்லி வைத்திருந்தது. வானத்தில் இருந்தது அதுவல்ல. 2013-ல் பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகள் வந்தபோது, அந்த ஏற்ற இறக்கத்தில் இழைகளின் பங்கு சுமார் 3 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்று ஆயிற்று. ஒரு தலைமுறையின் ஆசை கலைந்தது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது, இத்தனை பேர் உழைப்பும் வீணா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீணே இல்லை. தவறு என்று காட்டக்கூடிய அளவுக்குத் தெளிவாக ஒன்றைச் சொல்லி வைத்ததால்தான் அது தவறு என்று தெரிந்தது. மழுப்பலாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருப்போம். பெரிய வித்து இல்லை என்றாலும், மெல்லிய இழைகளை இன்னும் தேடுகிறார்கள்.

வானத்தில் கிடைக்காதது ஆய்வகத்தில் கிடைக்கிறது என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதே விதிப்படி சுழி விழ, குளிரும்போது இதே மாதிரி நிலைமாறும் பொருள் ஒன்று போதும் என்ற வழியை 1985-ல் வோய்சேக் சூரெக் திறந்துவிட்டார். நம் டிவி திரையிலும் கால்குலேட்டரிலும் இருக்கும் திரவப் படிகத்தில் 1990-களில் அதைப் பார்த்தார்கள். 1999-ல் புவனேஸ்வரம் இயற்பியல் நிறுவனத்தின் அஜித் மோகன் ஸ்ரீவஸ்தவாவும் சனாதன் திகல், ராஜர்ஷி ராய் ஆகியோரும் செய்த சோதனையை நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்வேன். மெல்லிய திரவப் படிகப் படலம் ஒன்றைக் குளிரவைத்து, அதில் விழுந்த இருவகைச் சுழிகளையும் எண்ணினார்கள்.

அதில் என்ன பார்க்க வேண்டும் என்பதை எங்கள் வராந்தாக் கோலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். 33 முறை காசு சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் சாதாரணமாக ஆறு அளவுக்கு வரும். எங்கள் 12 கோலத்தில் வலஞ்சுழிக்கும் இடஞ்சுழிக்கும் உள்ள வித்தியாசம் ஒருமுறைகூட மூன்றைத் தாண்டவில்லை. காரணத்தை ஒரு மாணவியே தரையில் கோடு போட்டுக் காட்டினாள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு முக்கோணத்துக்குப் பொது. ஒன்றைச் சுற்றும்போது மேலே போகிறோம், மற்றொன்றைச் சுற்றும்போது கீழே வருகிறோம். இரண்டும் கழிந்துபோகும். மிஞ்சுவது ஓரம் மட்டும். ஆகவே வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பரப்பு இல்லை, சுற்றளவு. சுழிகள் ஒன்றையொன்று அறியாமல் விழுந்தால், வித்தியாசம் மொத்த எண்ணிக்கையின் அரை அடுக்காக வளரும். கிப்பிள் சொன்ன முறையில் விழுந்தால் கால் அடுக்காக, அதாவது 0.25 என்ற கணக்கில்தான் வளரும். புவனேஸ்வரத்தில் அளந்து கிடைத்தது 0.26, முன்பின் 0.11. சென்னையில் பிறந்தவரின் கருத்தை ஒடிசாவில் ஒரு நுண்ணோக்கியின் கீழ் சரிபார்த்திருக்கிறார்கள். இதற்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி, இந்தத் துறையிடம் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். இன்றைய சிமுலேஷன்கள் பிரம்மாண்டமானவை. பக்கத்துக்கு 4,096 புள்ளி, மொத்தம் ஏறக்குறைய 6,870 கோடி புள்ளிகள் கொண்ட சட்டகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அப்படியும் உண்மைப் பேரண்டத்தை அவர்களால் நெருங்க முடியவில்லை. இருண்ட பொருளாக இருக்கலாம் என்று தேடப்படும் ஆக்சியான் துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துகள்களில் ஒரு பங்கு இதே மாதிரி இழைகளிலிருந்து வந்திருக்கலாம். கணக்கு முடியும் கட்டத்தில், ஒளி எட்டும் தூரத்துக்கும் இழையின் தடிமனுக்கும் உள்ள விகிதம், ஒன்றுக்குப் பின்னால் 30 பூஜ்யம் போட்ட எண். உலகின் பெரிய கணினி எட்டிப் பிடிப்பது சில ஆயிரம். மிச்சத்தைப் போக்கைப் பார்த்து நீட்டித்துத்தான் சொல்ல வேண்டும்.

அங்கேதான் கருத்து பிரிகிறது. 2022-ல் ஒரு குழு, அமெரிக்காவின் கோரி சூப்பர் கம்ப்யூட்டரில், இழை ஓடும் இடத்தில் மட்டும் சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டே போகும் உத்தியைக் கையாண்டது. ஆக்சியானின் நிறை 40 முதல் 180 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்கும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு குழு அதே கேள்வியை ஆராய்ந்து, 500 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான் இருக்கும் என்றது. ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது மாதிரிதான் இந்தத் துகளைத் தேட வேண்டும். முதல் விடை சரி என்றால் சுமார் 10-க்கும் 44-க்கும் இடைப்பட்ட கிகாஹெர்ட்ஸில் முள்ளைத் திருப்ப வேண்டும். இரண்டாவது சரி என்றால் 120-க்கு மேல். கருவியே வேறு மாதிரி கட்ட வேண்டும்.

வளையங்களைப் பற்றியும் இப்படி ஒரு வழக்கு முடியாமல் இருக்கிறது. இழைக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால், வளையங்கள் நெடுங்காலம் உயிரோடிருந்து ஈர்ப்பலைகளை வெளியிட்டுக் கரைகின்றன. தடிமனோடு சேர்த்துப் புலமாகவே கணக்கிட்டால், அவை சீக்கிரம் துகள்களாகச் சிதறிவிடுகின்றன. 2023 ஜூனில் பல்சர்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள், ஈர்ப்பலைகளின் மெல்லிய பின்னணி இரைச்சலுக்குச் சான்று கிடைத்ததாக அறிவித்தார்கள். ஐரோப்பியத் தரவோடு புணே அருகே இருக்கும் நம் ராட்சத ரேடியோ தொலைநோக்கியின் தரவும் அதில் சேர்ந்திருந்தது. அது பெருங்கருந்துளை ஜோடிகளின் சத்தம் என்பதே பலரின் கருத்து. அண்ட இழையாகவும் இருக்கலாமா என்ற கேள்விக்கு விடை, அந்த இரண்டு கணக்கில் எது சரி என்பதைப் பொறுத்தது.

நான் மதிப்பது இந்தச் சண்டையை அவர்கள் போடும் விதத்தை. ஒவ்வொரு கட்டுரையிலும் என்ன வைத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம், எங்கிருந்து நீட்டித்தோம் என்பதை முன்னால் வைக்கிறார்கள். பெட்டி இவ்வளவு பெரியது, இந்த நேரத்துக்கு மேல் எங்கள் விடையை நம்பாதீர்கள் என்று தாங்களே எழுதுகிறார்கள். அடுத்த குழு அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டு முன்னே போகிறது. எல்லையை ஒளிக்காததால்தான் அந்தத் துறை நகர்கிறது.

நம் செய்முறை வகுப்பில் என்ன நடக்கிறது? நான் படித்த காலத்தில், பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் எனக்கு நியூட்டன் வளையம் விழுந்தது. சோடியம் விளக்கின் அலைநீளம் கண்டுபிடிக்க வேண்டும். 5,893 ஆங்ஸ்ட்ராம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கு வந்தது 5,610. மூன்று முறை லென்ஸைத் துடைத்து, மூன்று முறை அளந்தும் அதே அக்கம்பக்கம்தான் வந்தது. வந்ததை அப்படியே எழுதி, நுண்ணோக்கியின் திருகில் ஆட்டம் இருப்பதுபோல் தெரிகிறது என்று கீழே ஒரு வரியும் எழுதினேன். புறத்தேர்வாளர் அந்த வரியை அடித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். பக்கத்து மேசையில் என் தோழி 5,893-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். அவள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அந்த முறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். அந்தக் காயம்தான் என்னை ஆசிரியராக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

இன்றும் அது மாறவில்லை. ரீடிங்கை ‘குக்’ பண்ணுவது என்று பிள்ளைகள் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். விடை முன்பே தெரிந்த சோதனையை, விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்து நடத்தினால் வேறென்ன நடக்கும்? இப்போது அதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. கணினி ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டால் அது உண்மை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வானிலைக் கணிப்பு, தொற்றுநோய்க் கணிப்பு, வெள்ளம் எந்தத் தெருவரை வரும் என்ற கணிப்பு என்று நம் வாழ்க்கையில் பாதி இனி சிமுலேஷனை நம்பித்தான் ஓடப்போகிறது. அதைப் படிக்கத் தெரியாத பட்டதாரி, ஒன்று அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார், இல்லையென்றால் எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடுவார். இரண்டும் நாட்டுக்கு நல்லதல்ல.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. முதலாவது: முதுகலையிலும் இளங்கலை இறுதியாண்டிலும் ஒரு பருவத்துக்கு இரண்டு சோதனையாவது, மாணவர்கள் தாங்களே விதி எழுதி ஓட்டும் சிமுலேஷனாக இருக்கட்டும். தயாராக இருக்கும் மென்பொருளில் பொத்தானை அழுத்துவது கணக்கில் வராது. இரண்டாவதுதான் முக்கியம்: ரெக்கார்டு நோட்டில் ‘முடிவு’ என்ற தலைப்புக்குக் கீழே, ‘இந்தச் சோதனை எதைச் சொல்லாது’ என்று ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும். 10 மதிப்பெண்ணில் 4 அந்தப் பக்கத்துக்குப் போகட்டும். சிமுலேஷனுக்கு மட்டுமில்லை, நியூட்டன் வளையத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன. நம் கல்லூரிகளில் வசதி இல்லை என்பது முதல் மறுப்பு. பக்கத்துக்கு நூறு புள்ளி வைத்தால் பத்து லட்சம் புள்ளி. அதைப் பைதான் நிரலில் சாதாரண மடிக்கணினி தாங்கும். அதுவும் இல்லாத இடத்தில் கோலப்பொடி இருக்கிறது. கைவேலை குறைந்துவிடும் என்பது இரண்டாவது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் இரண்டு என்கிறேன். ஸ்பெக்ட்ரோமீட்டரை நேர்ப்படுத்தத் தெரியாமல் ஒருவர் இயற்பியல் பட்டம் வாங்கக் கூடாது. மூன்றாவது மறுப்புத்தான் என்னை வருத்தியது. பேரண்டத்தின் பிறப்பு நம் பிள்ளைகளுக்கு எதற்கு, வேலைக்கு உதவுவதைச் சொல்லிக்கொடுங்கள் என்றார் ஒருவர். நம் பிள்ளைகள் என்று அவர் சொன்னது, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளை. பெரிய கேள்வி பெரிய நிறுவனத்துப் பிள்ளைகளுக்கு, சின்ன வேலை நம் பிள்ளைகளுக்கு என்று நாமே பங்கு பிரித்து வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? தவிரவும், எடுத்துக்கொண்ட அனுமானத்தை எழுதி, அதன் எல்லையைச் சொல்லத் தெரிந்தவருக்கு எந்த அலுவலகத்திலும் வேலை இருக்கிறது.

எங்கள் துறையில் என் பொறுப்பில் இருக்கும் வகுப்பில் மட்டும் அந்தக் கூடுதல் பக்கத்தை இரண்டு ஆண்டாக எழுதவைக்கிறேன். பல்கலைக்கழக மதிப்பெண்ணில் அது சேராது. முதலில் எல்லோரும் ‘மனிதப் பிழை, கருவிப் பிழை’ என்று வழக்கமான இரண்டு வார்த்தையை எழுதித் தந்தார்கள். திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. சென்ற ஆண்டு வாசஸ்பதி, விலென்கின் கணக்கை மடிக்கணினியில் ஓட்டிய மாணவன் ஒருவன் 79 விழுக்காடு என்று விடையோடு வந்தான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் முகம் வாடியிருந்தது.

“மேடம், பெட்டியே நூறு புள்ளியில முடிஞ்சிடுது. அதுக்குள்ள முடியாம ஓடுற இழையை முடிவில்லாததுன்னு நான் எப்படிச் சொல்றது?”

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். சட்டகத்தின் வடிவத்தை மாற்றினால் அந்த விழுக்காடும் மாறுகிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதை அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தன் விடை புத்தக விடையோடு ஒத்துப்போன பிறகும் அவன் அதைச் சந்தேகித்தான். என் தேர்வறையில் என் வரியை அடித்த பேனாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கோலம் போட்ட பிள்ளைகளும் அந்தப் பக்கத்தை எழுதினார்கள். 12 ஜோடியில் ஒரு ஜோடி மட்டும், நான் வகுப்பில் வாயே திறக்காத ஒன்றை எழுதியிருந்தது. சிவப்புப் புள்ளிக்கும் மஞ்சள் புள்ளிக்கும் நடுவே நிறம் எப்படி மாறியது என்று நாங்கள் பார்க்கவில்லை. நேராக மஞ்சளுக்குப் போனது என்று நாங்களாக வைத்துக்கொண்டோம். நீலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் எங்கள் சுழிக் கணக்கு எல்லாம் மாறிவிடும். இதுதான் அவர்கள் எழுதிய சாரம். பேரண்டத்தின் சுழிகளைக் கணக்கிடும் ஆராய்ச்சியாளர்கள் அத்தனை பேரும் எடுத்துக்கொள்ளும் அடிப்படை அனுமானம் அது. அதற்கென்று தனிப் பெயரே உண்டு. அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். கலர்ப்பொடி ஒட்டிய விரல்களோடு, பிளாஸ்டிக் பகடை ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த இருவரும் அங்கே போய் நின்றுவிட்டார்கள்.

சுழி எத்தனை என்று அவர்கள் எண்ணியதில் ஒன்று தவறியிருந்தது. ஓரத்தைச் சுற்றிப் பார்த்துத் திருத்திக்கொண்ட ஜோடி அவர்கள்தான். இப்போது இருக்கும் முறையில் அந்தத் தவறுக்கு மதிப்பெண் குறையும்; அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது. அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.